ஐந்தாம் பல்லுக்குப் பன்னிரண்டு இழுப்பு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கே வேண்டுமானாலும் கையடித்துச் சத்தியம் செய்து தரலாம். தலையில் அடித்துச் செய்யச் சொன்னால் மட்டும் கேட்கிறவர் தம் தலையைத் தர வேண்டும். சொல்கிறவன் தலையில் முடி நின்று பல காலமாயிற்று, சத்தியம் வழுக்கி விழுந்துவிடும். மற்றபடி எதையும் கூட்டிச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு இடங்களில் குறைத்துச் சொல்லியிருக்கலாம். அது யாரும் நம்ப மாட்டார்களே என்கிற பயத்தால்.

நகரத்தின் பழைய பகுதியில் ஒரு தெரு. அகலம் குறைவு. இந்தப் பக்கத்து வீட்டில் ஒருவர் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டில் விளக்கு அணையும். தெரு முழுக்கப் பட்டறைகள். முனையில் மணி வார்க்கிறவர். அவர் திங்கட்கிழமை அடித்துப் பார்த்த மணியின் சத்தம் வியாழக்கிழமை வரைக்கும் தெருவுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே போக வழி தெரியாமல். நடுவில் போர்டுக்காரர். அவர் ஒரு வீட்டுச் சுவரில் ‘நாய் இருக்கிறது’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நாயையும் வரைந்தார். தபால்காரர் பயந்து தினம் அதற்கு ஒரு ரொட்டித் துண்டு வைத்துவிட்டுப் போவார். இரண்டு வருஷத்தில் நாய் பருத்துவிட்டது. போர்டுக்காரரே வந்து வயிற்றுப் பக்கம் கொஞ்சம் வெள்ளையடித்துக் குறைக்க வேண்டியதாயிற்று.

போர்டுக்காரர் வீட்டுக்கு நேர் எதிரில் ஏழு லீவர்.

அது பூட்டுக்காரருக்குத் தெரு வைத்த பெயர். ஊரில் மற்றவர்கள் பூட்டுக்குள் மூன்று லீவர்த் தகடு வைப்பார்கள், கை தேர்ந்தவர்கள் நான்கு. இவர் ஏழு. சாவியின் ஏழு பற்களும் ஏழு லீவர்களையும் அதது நிற்க வேண்டிய உயரத்துக்குத் தூக்கினால்தான் பூட்டின் நாக்கு நகரும். ஒரு பல் மயிரிழை தப்பினாலும் போனது போனதுதான். ஒரு வியாபாரி இவரிடம் பூட்டு வாங்கிக் கிடங்கில் மாட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்தார். மூன்று நாள் உடைத்துப் பார்த்தார், நான்காம் நாள் பக்கத்திலேயே வேறு கிடங்கு கட்டிக்கொண்டார்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டைச் செய்கிற கை சாவியைச் செய்யாது. இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்தால் அது பூட்டே இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஏழு லீவர் பூட்டைச் செய்வார். சாவியை அவர் மனைவி ராவுவார். முப்பத்திரண்டு வருஷமாக முன்னறையின் இரு மூலைகளில், முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை. ஏழு லீவர் பூட்டைத் திறந்து காட்ட மாட்டார். “ஒண்ணு, ஒம்பது. ரெண்டு, பதினாலு” என்பார். முதல் பல்லுக்கு அரத்தால் ஒன்பது இழுப்பு, இரண்டாவதுக்குப் பதினான்கு. அந்த அம்மாள் எண்ணி இழுப்பார். அவர் கையில் ஒரு இழுப்பு இன்னொரு இழுப்பைவிடக் கூடினதும் இல்லை, குறைந்ததும் இல்லை. தெருவே அவரைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடும்.

இப்படி இருக்கையில் நகராட்சிக்கு அந்தத் தெருவின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது. பாரம்பரியத் தெரு என்று அறிவித்தார்கள். கதவு, நிலை, ஜன்னல், படிக்கட்டு எல்லாவற்றுக்கும் எண் போட்டுப் பட்டியல் எடுத்தார்கள். அனுமதியில்லாமல் ஆணி அடிக்கக் கூடாது, அடித்த ஆணியைப் பிடுங்கவும் கூடாது. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு பலகை மாட்டுவதாக ஏற்பாடு. அதற்காக ஒரு அதிகாரி அம்மாள் நோட்டுப் புத்தகமும் குடையுமாக வீடுவீடாக வந்தார். நல்ல மாதிரி. தெருவில் அவருக்குப் பலகையம்மா என்று பெயர் விழுந்தது.

பலகையம்மா ஏழு லீவரிடம் கேட்டார்: “இங்க பூட்டு யார் செய்யறது?”

“நான்தான்,” என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.

“சாவி?”

இங்கேதான் வாய் சறுக்கியது. “அது என்ன, சும்மா ராவுறதுதானே? இவ உக்காந்து ராவிக்கிட்டிருப்பா.”

‘இவ’ பின்னால் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு சொட்டுச் சிந்தாமல் தட்டை வைத்தார். தன் மூலைக்குப் போனார். பதினோரு அரங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் துணியில் சுருட்டிக் கட்டினார். அத்தோடு வாயையும் கட்டிக்கொண்டார்.

பத்தொன்பது நாள் புருஷனிடம் ஒரு பேச்சு இல்லை. வேளாவேளைக்கு ரொட்டி வந்தது, வெங்காயம் வந்தது, அவித்த முட்டை தோலுரித்து வந்தது. கோபத்தில் உப்பைக் கூட்டிப் போடுகிற ஆள் இல்லை சாவியக்கா. எல்லாம் சரியாக இருந்ததுதான் ஏழு லீவருக்குச் சரியாகப் படவில்லை. பதினெட்டாம் நாள் காலையில் சாவியக்கா வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

“போர்டுக்காரரே, நாளைக்கு நாலு மணி பஸ்ஸுல எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல. கேக்குறவங்க யாராவது கேட்டா சொல்லிடுங்க.”

கேட்க வேண்டியவர் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பூட்டுக்கும் ஒரு காரணம் உண்டு. வீட்டு வாசற்கதவில் இருந்த பழைய பூட்டைப் பலகையம்மா காட்சிக்கு வைக்க வாங்கிப் போயிருந்தார். பலகை மாட்டுகிற நாளில் அதே குழியில் புதுப் பூட்டு இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். ஏழு லீவர் பூட்டைச் செய்து முடித்தார். சாவிக்குப் போய் மனைவியிடம் நிற்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. சும்மா ராவுறதுதானே? சாவியையும் தானே ராவினார்.

பத்தொன்பதாம் நாள் காலை தச்சர் வந்து பூட்டைக் கதவில் பொருத்தினார். அந்தக் கதவு தச்சருடைய தாத்தா செய்தது. தச்சர் அதைத் தொடும்போதெல்லாம் ஒரு தடவை தடவிக் கொடுப்பார், குதிரையைத் தடவுகிற மாதிரி. பக்கத்தில் ஏணி மேல் நின்று போர்டுக்காரர் அந்த வீட்டுப் பலகைக்குக் கடைசிப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தார்.

“பாரும்,” என்று வெளியே நின்று கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினார் ஏழு லீவர். ணங் என்று பூட்டிக்கொண்டது. தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

“அட, பிரமாதம்,” என்றார் தச்சர். “திறங்க.”

சாவி திரும்பவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தார். மூன்றாம் பல் களைத்துப் போன ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரலால் நிமிர்த்தினார். கையோடு வந்துவிட்டது.

“உள்ள யாரு?” என்றார் தச்சர்.

“பெட்டி கட்டிக்கிட்டிருக்கா,” என்றார் ஏழு லீவர். உள்ளங்கையில் இருந்த பல்லை மூடிக்கொண்டார்.

பதினோரு மணிக்குப் பலகையம்மா வந்தபோது கதவின் முன்னால் ஒரு சின்னச் சபையே கூடியிருந்தது. கம்பியை உள்ளே விட்டு நெம்பிப் பார்க்கலாம் என்றால், நெம்பித் திறக்க முடியாத பூட்டு என்று முப்பத்திரண்டு வருஷமாக மார்தட்டினவரே எதிரில் நிற்கிறார். நெம்பினார், முடியவில்லை. அதில் அவருக்கு ஒரு ஓரத்தில் பெருமையும் வந்தது, அதை யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை.

“கதவ உடைச்சிடலாமே,” என்றார் பலகையம்மா.

தச்சர் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். “முதல்ல என்னை உடைங்க. எங்க தாத்தா கை பட்ட கதவும்மா இது.”

“சரி, ஜன்னல் கம்பிய அறுக்கலாம்.”

“அது உங்க பட்டியல்ல பதினாறாம் நம்பரு,” என்று ஏணியிலிருந்து போர்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். “கதவு பதினாலு. படிக்கட்டு பதினேழு.”

பலகையம்மா நோட்டைப் புரட்டினார். முகம் வாடியது. “அனுமதிக்கு எழுதிப் போடணும். நாப்பது நாள் ஆகும். ஐயோ, உள்ள ஒரு ஆள் இருக்காங்களே!”

“அந்த ஆளு உங்க பட்டியல்ல இல்லம்மா,” என்றார் போர்டுக்காரர், தூரிகையைத் துடைத்துக்கொண்டே.

 ஏழு லீவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவில் இடுப்பு உயரத்தில் தபால் போடுகிற பிளவு ஒன்று இருந்தது. அதன் பித்தளை மூடி மெல்ல உயர்ந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போர்டுக்காரரே, அந்த ஆளுகிட்ட கேளுங்க. பூட்டுல எத்தனை லீவரு?”

போர்டுக்காரர் ஏணியைவிட்டு இறங்கி, இரண்டடி தள்ளி நின்றவரிடம் வந்தார். “எத்தனை லீவருன்னு கேக்குறாங்க.”

“ஏழுன்னு சொல்லுங்க.”

“ஏழாம், அக்கா.”

“அது தெரியும். வேற என்னத்த வச்சிருக்கப் போறாரு. ராவுன சாவியில எந்தப் பல்லு போச்சு?”

“மூணு,” என்றார் ஏழு லீவர் நேராகவே.

“மூணாம்,” என்றார் போர்டுக்காரர்.

“எத்தனை இழுப்பு இழுத்தாராம்?”

 ஏழு லீவர் மெதுவாகச் சொன்னார்: “எண்ணல.”

போர்டுக்காரர் அதைத் திருப்பிச் சொல்லத் தயங்கினார். உள்ளே ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று தெருவில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு.

“எண்ணுறதுதான் அவ வேலையாச்சே,” என்றார் ஏழு லீவர், கதவைப் பார்த்து. “நான் இழுத்துக்கிட்டே இருந்தேன். எங்க நிறுத்தணும்னு தெரியல.”

பித்தளை மூடி விழுந்தது. உள்ளே துணி முடிச்சு அவிழ்கிற சத்தம், அரங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். ஏழு லீவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூடி மறுபடி உயர்ந்தது.

“போர்டுக்காரரே. பல்லு வெட்டாத சாவி ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. ஒரு இழுப்பு தப்பினாலும் கதை முடிஞ்சது. நாலு மணிக்குப் பஸ். அந்த ஆள ஒழுங்கா சொல்லச் சொல்லுங்க. அதுக்கு முன்னாடி, மணி ஒண்ணாச்சு.”

பிளவு வழியாக ஒரு ரொட்டி வெளியே வந்தது, இலைபோல் மடித்து, நடுவில் வெங்காயம் வைத்து. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால், கொஞ்சம் நசுங்கி, ஒரு அவித்த முட்டை.

“அந்த ஆளுகிட்ட குடுங்க. வெறும் வயித்துல நின்னா தலை சுத்தும் அதுக்கு.”

பூட்டி வைத்தவர் வெளியே பட்டினி, பூட்டப்பட்டவர் உள்ளேயிருந்து சோறு ஊட்டுகிறார். பலகையம்மா இதையும் நோட்டில் எழுதலாமா என்று யோசித்துவிட்டு, எழுதாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

ரொட்டியைத் தின்றுவிட்டு ஏழு லீவர் பதினேழாம் எண் படிக்கட்டில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். உள்ளே சாவியக்காவும் சாவியைக் கவ்விப் பிடிக்கிற தன் சின்னப் பிடிக்கட்டையை இழுத்துக் கதவோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் என்பது சத்தத்தில் தெரிந்தது. நடுவில் இரண்டு விரற்கடைக் கனத்தில் தச்சருடைய தாத்தாவின் கதவு.

“ஒண்ணு, ஒம்பது,” என்றார் ஏழு லீவர்.

போர்டுக்காரர் குனிந்து “ஒண்ணு, ஒம்ப…” என்று ஆரம்பித்தார்.

“நீங்க போயி பலகையைப் பாருங்க போர்டுக்காரரே,” என்றார் சாவியக்கா. “வேலை நேரத்துல நடுவுல ஆள் பேசினா எண்ணிக்கை தப்பும்.”

அரம் இழுக்கிற சத்தம் வந்தது. ஒன்பது. அளந்து வைத்த மாதிரி ஒன்பது.  

“ரெண்டு, பதினாலு.”

பதினான்கு.

“மூணு, ஆறு.”

“ஆறுதானா?” என்றது கதவு. “ஆறு இழுக்க வேண்டிய பல்ல நீங்க எத்தனை இழுத்தீங்க?”

“ஒரு முப்பது இருக்கும்.”

“முப்பது! பல்ல ராவுனீங்களா, பாவம், அது பல்லையே புடுங்கினீங்களா?”

அந்த ஆள் ‘நீங்க’ ஆகிவிட்டதைத் தெருவில் எல்லோரும் கவனித்தார்கள். கவனிக்காத மாதிரி தச்சர் வானத்தைப் பார்த்தார். மேகம் இறங்கி வந்துகொண்டிருந்தது. தூறல் விழுந்ததும் பலகையம்மா குடையை விரித்து ஏழு லீவர் தலைக்கு மேல் பிடித்தார். தச்சர் அதை வாங்கிக் கொஞ்சம் நகர்த்திக் கதவுக்கு மேல் பிடித்தார். “அவரு காஞ்சிடுவாரும்மா. மரம் காய ரெண்டு நாளாகும்.”

“நாலு, பதினொண்ணு,” என்றார் ஏழு லீவர் நனைந்துகொண்டே.

“நீங்க அவங்களுக்குப் பூட்டைக் காட்டவே மாட்டீங்களா?” என்றார் பலகையம்மா கிசுகிசுப்பாக.

“காட்டினதில்ல.”

“அப்போ உங்களுக்குச் சாவி ராவத் தெரியாது, அவங்களுக்குப் பூட்டு தெரியாது. ஒருத்தர் வாயையும் ஒருத்தர் கையையும் நம்பியே முப்பத்திரண்டு வருஷமா?”

 உள்ளே பதினொன்றாவது இழுப்பு முடிந்து அரம் நின்றிருந்தது. மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் மூன்று பல். அதற்குப் பிறகு கதவு திறக்கும். திறந்தால் பெட்டியோடு ஒரு ஆள் வெளியே வரும், படியிறங்கும், போகும். திறக்காவிட்டால் பஸ் போய்விடும். சாவியும் வேறு இல்லை. நாற்பது நாள் ஆகுமாம் அனுமதி வர. நாற்பது நாளும் இதே படியில் உட்கார்ந்து கதவோடு பேசிக்கொண்டிருக்கலாம். அப்படியொன்றும் கெட்ட வாழ்க்கை இல்லை.

“அஞ்சு?” என்றார் சாவியக்கா.

“அஞ்சு,” என்றார் ஏழு லீவர். நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. “அஞ்சு, இருபது.”

அரம் இழுக்கப்படவில்லை.

தூறல் மட்டும் குடை மேல் விழுந்துகொண்டிருந்தது. போர்டுக்காரர் தூரிகையைப் பலகைமேல் வைத்தபடி அப்படியே நின்றார். தச்சர் ஒரு காலைத் தூக்கினவர் கீழே வைக்கவில்லை.

“இருபதா?” என்றார் சாவியக்கா.

“ம்.”

“பக்கத்துப் பல்லு பதினொண்ணு. இது இருபது.” குரலில் கோபம் இல்லை. “உங்க பூட்டை நான் பாத்ததில்லதான். ஆனா உங்க லீவர் எப்படிப் படியும்னு எனக்குத் தெரியாதா? பக்கத்துப் பக்கத்துல எட்டு இழுப்புக்கு மேல வித்தியாசம் நீங்க ஒரு நாளும் வச்சதில்ல. உங்க கைக்கு அது வராது.”

ஏழு லீவர் கதவிலிருந்து முதுகை எடுத்தார்.

“இருபது இழுத்தா இந்தச் சாவி குப்பை. அதுதானே வேணும் உங்களுக்கு?”

ஏழு லீவர் திரும்பிப் பிளவின் பித்தளை மூடியைப் பார்த்தார்.

“சொல்லுங்க. நீங்க இருபதுன்னா இருபது. நீங்க சொன்னதத்தான் இத்தனை வருஷமா இழுத்திருக்கேன். சொல்லுங்க, இழுத்துடுறேன்.”

அரம் பல்லின் மேல் வைக்கப்படுகிற சின்னச் சத்தம் கேட்டது.

ஏழு லீவர் எழுந்தார். திரும்பி, பிளவின் முன்னால் முழங்காலிட்டு, பித்தளை மூடியை விரலால் தூக்கினார். உள்ளே இருட்டில் சாவியக்காவின் மடியும், மடி முழுக்க அரத்தூளும், அரம் பிடித்த கையும் தெரிந்தன. கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. முதுகைத்தானே பார்த்திருக்கிறார்.

“பன்னெண்டு,” என்றார். “பன்னெண்டும்மா. ஆறு, எட்டு. ஏழு, பதினஞ்சு. அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, நிதானமா இழு.”

சாவியக்கா இழுத்தார். பன்னிரண்டு. எட்டு. பதினைந்து.

சத்தம் முடிந்ததும் ஏழு லீவர் பலகையம்மாவைத் திரும்பிப் பார்த்தார். முகம் நனைந்திருந்தது, தூறலில். “அன்னிக்கு உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேம்மா. இந்த வீட்டுல பூட்டு செய்யறது நான் மட்டும் இல்ல. எழுதிக்குங்க.”

“பலகை எழுதி முடிஞ்சாச்சே,” என்றார் பலகையம்மா. “மாத்தணும்னா அதுக்கும் அனுமதி…” என்றவர், சட்டென்று தெருக்கோடியைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். “மேகம் கலையுது பாருங்க. எவ்வளவு அழகா இருக்கு. நான் ஒரு அஞ்சு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டிருப்பேன்.”

போர்டுக்காரருக்கு ஐந்து நிமிஷம் அதிகம். “அக்கா, என்னன்னு எழுதட்டும்?” என்று கத்தினார்.

“ராவுறவங்கன்னு எழுதுங்க,” என்றது கதவு. “பெரிசா ஒண்ணும் வேணாம். ஆனா எழுத்து அவரு எழுத்து அளவுக்கே இருக்கட்டும். ஒரு நூல் குறையக் கூடாது.”

பிளவு வழியாகச் சாவி வந்தது. இன்னும் சூடாக இருந்தது. ஏழு லீவர் அதைத் துளைக்குள் விட்டார். திருப்பினாரா, தானாகத் திரும்பியதா என்று சொல்ல முடியாது. கதவு திறந்தது.

சாவியக்கா பெட்டியோடு வெளியே வந்தார். மடியைத் தட்டினார். முதலில் புருஷனைப் பார்க்கவில்லை, பூட்டைப் பார்த்தார். படியில் கிடந்த ஒடிந்த சாவியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“இதுவா சாவி? இதுல காது குடையலாம்.”

“குடையலாம்,” என்று ஒப்புக்கொண்டார் ஏழு லீவர். மனைவி கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டார். “வா. பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி இருக்கு.”

இருக்கச் சொல்வார் என்று தெருவே காத்திருந்தது. அவர் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஈரத் தெருவில் நடந்து போனார்கள், ஏழு லீவர் பெட்டியோடு முன்னால், சாவியக்கா நாலடி பின்னால். பஸ் நிற்கிற இடத்தில் நின்றார்கள்.

“எப்ப வருவ?”

“போறதுக்கு முன்னாடியே வர்றதக் கேக்குறீங்க.”

“கேட்டு வச்சுக்கிட்டா எண்ணலாமே. எண்ணப் பழகணும்ல.”

 பஸ் வந்தது. ஏழு லீவர் பெட்டியைத் தூக்கிப் படியில் வைத்தார். சாவியக்கா ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, சட்டென்று திரும்பினார்.

“வீட்டைப் பூட்டிட்டு வந்தீங்களா?”

ஏழு லீவர் யோசித்தார். “இல்லையே.”

“சாவி?”

“பூட்டுலயே இருக்கு.”

“வாசக் கதவ ஆன்னு திறந்து போட்டுட்டு, சாவியையும் தொங்க விட்டுட்டு வந்திருக்கீங்க! நீங்கல்லாம் ஒரு பூட்டுக்காரரு!” சாவியக்கா காலைக் கீழே வைத்தார். கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்றார். “எப்படிங்க ஏறுறது? அங்க வீடு திறந்து கிடக்கு. யாரு பூட்டுவா? இந்த மனுஷனா? இவரு பூட்டினா நாப்பது நாள் திறக்காது. அந்தப் பெட்டியை எடுங்க, ஏன் நின்னு பாத்துக்கிட்டிருக்கீங்க? அஞ்சாறு மணி வரைக்கும் இனி பஸ்ஸும் இல்ல. எல்லாம் உங்களால!”

“எல்லாம் என்னாலதான்,” என்றார் ஏழு லீவர், பெட்டியை இறக்கிக்கொண்டே. திரும்பி நடக்கும்போது சாவியக்கா முன்னால் போனார், விறுவிறுவென்று. வீட்டைப் பூட்டுகிற அவசரம். அடுத்த பஸ் ஆறு மணிக்கு வந்தது, அதற்கு அடுத்தது மறுநாள் வந்தது, இன்றைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பலகை இப்போதும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கீழ்வரி மேல்வரியைவிட ஒரு நூல் பெரிது என்று தச்சர் அளந்து பார்த்துச் சொன்னார்.

அந்த வீட்டுக்குப் பின்வாசல் ஒன்று உண்டு. அதற்கு இன்றுவரை பூட்டே போட்டதில்லை.